கருவாயன்கிட்டச் சொன்னது

நான் வஞ்சது நாயைத்தான் தாயி. எந்தக் கோயில்ல வேணாலும் வந்து சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன். அவளை நான் வாய் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ யாருங்குறியா? என் ஓரகத்தி பஞ்சவர்ணம். எங்க வீட்டுக்காரரு தம்பி பொண்டாட்டி. பக்கத்து வீடுதான். நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கட்டைச் சுவரு. அந்தச் சுவத்தோரமாத்தான் எங்க நாய் கருவாயனைக் கட்டிப்போட்டிருந்தோம். காலையில வாசத் தெளிக்க வருவேன், அவனைப் பாப்பேன், ரெண்டு வார்த்தை வைவேன். அது சுவத்துக்கு அங்கிட்டு எவ காதுலயாச்சும் விழுந்தா அதுக்கு நானா பொறுப்பு?

நல்லா உக்காரு தாயி. உன் பையை இங்கிட்டு என் மடியில வையி. ஆண்டிபட்டிக்குத்தானே? நானும் ஆண்டிபட்டிக்குத்தான். பஸ்ஸு இனிமே கணவாய் ஏறி எறங்கணும், பேசிக்கிட்டே போவோம். என்ன, மெதுவாவா? நான் மெதுவாத்தான் பேசுறேன். எங்க ஊர்ல என்னைய வாயில்லாப் பூச்சின்னுதான் சொல்லுவாக.

நீ டவுன்ல வளந்த பிள்ளை மாதிரித் தெரியுது. உங்க பக்கம் ஜாடைப் பேச்சு உண்டா? பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுல அப்படித்தான் பேசணும். ஆளைப் பாத்துச் சொல்லக்கூடாது. கோழியைச் சொல்லலாம், ஆட்டைச் சொல்லலாம், அழுகுற பிள்ளையைச் சொல்லலாம். கேக்க வேண்டியவளுக்குக் கேக்கும். ஆனா இதுக்கெல்லாம் நாயை மாதிரித் தோதானது ஒண்ணு இல்ல தாயி. கோழி பாதிப் பேச்சுல ஓடிரும். ஆட்டை வித்துருவாக. பிள்ளை வளந்து எதுத்துப் பேசும். கட்டிப்போட்ட நாயி கெடந்த எடத்துல கெடந்து, மூஞ்சியைப் பாத்துக் கடைசி வரைக்கும் கேக்கும். கருவாயன் காதைத் தூக்கிக்கிட்டுக் கேப்பான் பாரு, பஞ்சாயத்துத் தலைவரு தோத்தாரு.

பேச்சு ஏன் நின்னுச்சுன்னு நீ கேக்க மாட்டேங்குற. சரி, நானே சொல்றேன். எங்க குலசாமி கோயில்ல பங்காளிக எல்லாம் வரிசையா அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்போம். மூத்தவ பானைதான் மொதப் பொங்கணும். என் பானை இந்தா, நுரை கட்டி விளிம்புக்கு வந்துருச்சு. கொலவை போட வாயைக் குவிச்சுட்டேன். பக்கத்து அடுப்புல இருந்தவ எந்திரிச்சு வந்து, என் அடுப்பு விறகைப் பூராம் வெளிய உருவிப் போட்டுட்டா! என் பானை அடங்கிப் போச்சு. அதுக்குள்ள அவ பானை பொங்கி வழியுது, சனமெல்லாம் அவளுக்குக் கொலவை போடுது. கேட்டா, என் முந்தானை அடுப்புல விழுந்து தீப்பிடிச்சிருச்சாம். அதான் உருவுனாளாம். முந்தானை கருகியிருந்தது வாஸ்தவந்தான். பச்சைச் சுங்குடி, பாதிச் சேலை போச்சு. அவ கையிலயும் கொப்புளம் போட்டிருந்துச்சு. அதுக்காக? சேலை போனா வேற சேலை எடுத்துக்கலாம். அடங்குன பானை பொங்குமா?

அன்னையில இருந்து பேச்சு கெடையாது. என் கொழுந்தன் தவறிப்போனப்பக்கூடப் பேசல. கட்டிப்பிடிச்சு அழுதோம். விடிய விடிய அவ தோள்ல நானும் என் தோள்ல அவளும். ஆனா ஒப்பாரி பேச்சுல சேராதுல்ல? அவளுக்கு மக ஒருத்தி, அந்தப் பிள்ளையையும் ஆண்டிபட்டியில கட்டிக் கொடுத்தாச்சு. பஞ்சவர்ணம் ஒத்தையாளு. அதனால என்னா, பேசுறதுக்குத்தான் என் நாயி இருக்கே!

ஆமா, அவளும் அவன்கிட்டத்தான் பேசுவா. என் நாயை வச்சே எனக்குப் பதில் சொல்லுவா, அந்தத் தெகிரியத்தைப் பாரு. நான் இங்கிட்டு நின்னு, "ஏ கருவாயா, வெக்கங்கெட்ட செம்மமே, ஊரான் பானையை அணைச்சவ உருப்படுவாளா"ம்பேன். அவ அங்கிட்டு இருந்து, "ஏ கருவாயா, எரிஞ்சு சாகட்டும்னு விட்டிருந்தா இன்னைக்கு இந்த வாய் இருக்குமா"ம்பா. அவன் பாவம், இங்கிட்டு ஒருக்கா அங்கிட்டு ஒருக்காத் தலையைத் திருப்பிக்கிட்டே கெடப்பான்.

எப்பவும் சண்டைன்னு நினைக்காத. நல்லது கெட்டதும் சொல்லிக்கிருவோம், அதாவது நாயிகிட்ட. மேகம் கருக்குனா நான் வந்து, "ஏ கருவாயா, மழை வருது, மாடியில வத்தலைக் காயப்போட்டுட்டு எவளோ தூங்குறா"ன்னு சொல்லுவேன். தடதடன்னு மாடிப்படி ஏறுற சத்தம் கேக்கும். எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப, "ஏ கருவாயா, கஞ்சி வச்சிருக்கேன், குடிச்சாக் குடி"ன்னு சுவத்து மேல தூக்குவாளியை வச்சுட்டுப் போறா. நீயே சொல்லு, நாய்க்கு ஊத்துற கஞ்சியில பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு எவளாச்சும் காச்சுவாளா? சொரணை கெட்டவ. வீணாப் போயிரக்கூடாதேன்னு நானே குடிச்சேன்.

இப்படி எங்க பொழைப்பு தேவலாம்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பத்தான் டெல்பின் டீச்சர் வந்துச்சு.

உசிலம்பட்டியில ஒரு பள்ளிக்கூடத்துல வெளையாட்டு டீச்சர் அது. ஞாயித்துக்கெழமையானா பூசைக்குப் போயிட்டு அப்படியே ஸ்கூட்டர்ல கெளம்பிரும், கழுத்துல விசிலோட. அதுகூட இன்னும் பத்துப் பேரு. ஊர் ஊராப் போயி, வெளிய கட்டிப்போட்டிருக்குற நாய்களுக்கு ஊசி போட்டு, நெழல் கட்டிக் கொடுத்து, வாசலுக்கு வலை அடிச்சு வேலி போட்டு, சங்கிலியை அவுத்துவிட வைக்கிறதுதான் சோலி. சம்பளம் இல்லாத சோலி தாயி! எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லைம்பாக. நாய்க்கு வேலை பாக்குறதுக்கும் ஆள் இருக்கா?

வந்துச்சுன்னா என்னைய வையும்னு நெனைச்சேன். வஞ்சா நாலு குடுக்கலாம்னு சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்தேன். அது வையல. "குடிக்கத் தண்ணி குடுங்கக்கா"ன்னுச்சு. கருவாயன் சங்கிலி எட்டுற தூரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தரையில சம்மணம் போட்டு உக்காந்துச்சு. அவனைப் பாக்கவே இல்ல, வேற எங்கிட்டோ பாத்துக்கிட்டு இருக்கு. கொஞ்ச நேரத்துல அவனே வந்து அது முழங்கையை மோந்து பாக்குறான். எங்க வீட்டுக்காரரையே கடிச்சவன் அவன்.

"எவ்வளவு நாளா இங்க கட்டியிருக்கீங்கக்கா?"ன்னுச்சு.

"குட்டியில இருந்து. அவுத்துவிட்டா ஊரைக் கடிச்சுருவான்"னேன்.

"அவன்கிட்ட யாராவது பேசுவீங்களா?"

"பேசவா? என் நாயிகிட்ட நான் பேசுற அளவுக்கு இந்தத் தாலுக்காவுல எவளும் பேசமாட்டா!"

டீச்சருக்கு ஒரே சந்தோசம். எங்க, எப்படிப் பேசுவீங்கன்னு பேசிக் காட்டுங்கன்னுச்சு. அந்நேரம் பாத்து அங்கிட்டு இவ ஏனம் கழுவ வந்தா. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, எவ வீட்டுக்கு எவ வந்தாலும் ஒட்டுக் கேக்க வந்துருவியா, உனக்கெல்லாம் சோத்துல உப்பு இருக்கா"ன்னு ஒரு வீச்சு விட்டேன். டீச்சர் மூஞ்சி செத்துப் போச்சு. "அக்கா, இது ஆண் நாய்தானே?"ன்னுச்சு. "ஆமா, அதுக்கென்ன"ன்னேன். 

அப்புறம் அவன் கழுத்துப் பட்டையை அவுத்துக் காட்டுச்சு தாயி. பட்டைக்குக் கீழ முடியே இல்ல. சுத்தி வரப் புண்ணு, சதையோட ஒட்டிக்கெடக்கு. நான் பாத்ததே இல்ல. பொழுதன்னைக்கும் அவன் மூஞ்சியைப் பாத்துத்தான் பேசுறேன், கழுத்தைப் பாக்கல. அவனைச் சுத்தி ஒரு வட்டம், சங்கிலி எட்டுற வட்டம், அதுக்குள்ள ஒரு புல்லு மொளைக்கல. அதையும் அன்னைக்குத்தான் பாத்தேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. நெசமாவே எறங்கல.

இருந்தாலும் அவுத்துவிட ஒத்துக்கல. ஓடிருவான்னேன், வேலி போட்டுத் தாறோம்னுச்சு. கடிச்சுருவான்னேன், பழக்கித் தாறோம்னுச்சு. வெயிலு மழைன்னேன், தகரக் கூரை போட்டுத் தாறோம்னுச்சு. நான் எதைச் சொன்னாலும் அதுக்கு ஒண்ணு வச்சிருக்கு! அவன் அவுந்து போயிட்டா சுவத்தோரத்துல யாருகிட்ட நான் பேசுறதுன்னு கேக்க முடியுமா? கேட்டா என்னையக் கட்டிப்போட்டுட்டு நாயைக் கூட்டிக்கிட்டுப் போயிரும்.

கடைசியில இவதான் ஒத்துக்க வச்சா. தெருவுல நாலு வீட்டுல நாயை அவுத்துவிட்டாக. அதுக ஓடியாடிக்கிட்டுத் திரியுது. இவ சுவத்தோரம் வந்து, "ஏ கருவாயா, ஊரு நாயெல்லாம் ராசா மாதிரித் திரியுது, உனக்கு வாச்ச எடம் அப்படி"ன்னா. எனக்கு மானம் போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமை டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்துறதுக்கு முன்னாடியே, வேலியைப் போடுங்கன்னு சொல்லிட்டேன்.

டீச்சர் ஒரு கண்டிசன் போட்டுச்சு. "அக்கா, இப்ப அவுத்துவிட்டா உங்க குரலைக் கேட்டாலே ஓடுவான். குரல்னாலே வசவுன்னு இருக்கான். ரோட்டுல பஸ்ஸு லாரி போகுது. கூப்பிட்டா வரணும். அதனால ஒரு மாசம் நல்ல வார்த்தை மட்டும்தான் பேசணும். கழுத்தைத் தடவிக்கிட்டே, நீ அழகு, நீ சமத்து, என் செல்லம், இப்படி. ஒரு வசவு வரக்கூடாது." எங்க வீட்டுக்காரரை வேற சாட்சிக்கு வச்சுட்டுப் போயிருச்சு. அந்த மனுசன் என்னைக்குச் சிரிச்சாரு? அன்னைக்குச் சிரிச்சாரு.

மறுநாள் விடிஞ்சுச்சு. வாசத் தெளிச்சேன். அங்கிட்டு இவ கூட்டிக்கிட்டிருக்கா, சர் சர்னு சீமாத்துச் சத்தம் கேக்குது. நான் கருவாயன் பக்கத்துல குத்தவச்சு, தொண்டையைச் செருமி, "என் தங்கமே, எந்திரிச்சுட்டியா? ராத்திரி குளிருச்சா கண்ணு?"ன்னேன்.

சீமாத்துச் சத்தம் நின்னு போச்சு.

எனக்கு அப்பக்கூட உறைக்கல தாயி. சத்தியமா உறைக்கல. நான் பாட்டுக்கு அவன் கழுத்தைத் தடவிக்கிட்டு, "உன்னைய எம்புட்டு வஞ்சிருக்கேன், ஒரு நாளாச்சும் என் மேல கோவிச்சிருக்கியா? உன் மனசு தங்கம்"ங்கிறேன். அங்கிட்டு வாளி உருண்டு விழுகுது. மறுநாள், "நீ இல்லாட்டி இந்த வாசலு வாசலாவா இருக்கும்"னேன்.  அதுக்கு மறுநாள், டீச்சர் சொன்னாப்புல, "நீதான் அழகு, உன்னைய மாதிரி அழகு இந்தத் தெருவுல எவ"ன்னேன். அடுத்த நாள் விடியக்காலையிலயே இவ தலைக்கு ஊத்தி, மக எடுத்துக் கொடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கிட்டு வந்து வாசக் கூட்டுறா! அப்பத்தான் தாயி எனக்குப் பொறி தட்டுச்சு. ஆத்தாடி, நாயைச் சொன்னதையெல்லாம் இவ தன்னையச் சொல்றதா எடுத்துக்கிட்டா!

எடுத்துக்க மாட்டாளா பின்ன? இம்புட்டு வருசமா நாயைச் சொன்னதெல்லாம் அவளுக்குத்தானே போச்சு.

சிரிக்காத தாயி, என் நெலைமையை யோசி. உன்னையச் சொல்லலடின்னு அவகிட்டச் சொல்லணும்னா பேசணும். பேச்சு கெடையாது. நாயிகிட்டச் சொல்லலாம்னா, நாயிகிட்ட நல்ல வார்த்தை தவிர ஒண்ணும் சொல்லக்கூடாது. நிறுத்திருவோம்னா நாயி பழகாது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க போயி, அவ நாயைத்தான் சொல்றா, உன்னைய இல்லன்னு சொல்லிட்டு வாங்க"ன்னேன். அவரு துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "இம்புட்டு நாளும் நாயைச் சொல்றேன்னு அவளைச் சொன்ன. இப்ப நெசமாவே நாயைச் சொல்றன்னு நான் போயிச் சொன்னா, ரெண்டு பேரும் சேந்து என்னையில்ல கட்டிப்போடுவீக"ன்னுட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு.

இவளும் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டா. சுவத்து மேல சாஞ்சுக்கிட்டு, "ஏ கருவாயா, நான் மட்டும் என்னா, உன்னைய என்னைக்காச்சும் வெறுத்திருக்கேனா?"ங்குறா.  ஒரு நாளு, "உனக்கு மேலுக்கு ஒண்ணும் இல்லையே, இப்படியெல்லாம் பேசுறியே, பெரியாஸ்பத்திரிக்குப் போயிக் காட்டுனா என்னா"ன்னா. நான் சாகப்போறேன்னு நெனைச்சுட்டா போல! இன்னொரு நாளு சுவத்து மேல கருப்பட்டிப் பணியாரம். ஏலக்காய் தட்டிப்போட்டு, நெய்யில சுட்டது. நாயி இனிப்புத் திங்கக்கூடாதுன்னு டீச்சரு சொல்லியிருக்கு. நான் என்னா பண்ணுவேன், அத்தனையையும் நானே தின்னேன். தின்னுட்டு, "இந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்"னு கருவாயன்கிட்டச் சொன்னேன். டீச்சரு அஞ்சாறு வார்த்தைதான் சொல்லிக் கொடுத்துச்சு. நான் கூடக் கொஞ்சம் சேத்துச் சொன்னேன். நாயி நல்லாப் பழகட்டுமேன்னுதான். வேற ஒண்ணும் இல்ல.

அந்த மாசம் போனதே தெரியல. விடியாதா விடியாதான்னு இருக்கும். எங்க வீட்டுக்காரரு, கல்யாணமான புதுசுலகூட நீ இப்படி எந்திரிச்சதில்லைம்பாரு. வேலி போட டீச்சர் ஆளுக வந்தப்ப, எங்க வாசலு மட்டும் காணாது, நாயி ஓட எடம் பத்தாதுன்னாக. இவ சுவத்தோரம் வந்து, "ஏ கருவாயா, என் வாசலையும் சேத்து வளைச்சுக்கச் சொல்லு"ன்னுட்டுப் போயிட்டா. ரெண்டு வாசலையும் சேத்து ஒரே வேலி! நடுச் சுவத்துல நாயி நுழையுற அளவுக்கு நாலு கல்லைப் பேக்கச் சொன்னேன் வீட்டுக்காரரை. அந்த மனுசன் ஆளு நுழையுற அளவுக்குப் பேத்து வச்சுட்டாரு. கேட்டா, கடப்பாரை நழுவிருச்சாம்.

அவுத்துவிடுற அன்னைக்குத் தெருவே வந்து நின்னுச்சு. டீச்சரு கருவாயனைத் தடவிக் கொடுத்து, சங்கிலியைக் கழட்டுச்சு. கலீர்னு விழுந்துச்சு. அவன் எந்திரிச்சான், ஓடுனான். ஓடுன வேகத்துல டக்குன்னு நின்னுட்டான். எங்க தெரியுமா? சங்கிலி எட்டுற எடத்துல. புல்லு மொளைக்காத வட்டம் முடியுற எடத்துல, காத்துல எதையோ இழுக்குற மாதிரிக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறான். கழுத்துல ஒண்ணும் இல்ல. ஆனா தாண்ட மாட்டேங்குறான்.  ஓன்னு அழுதுட்டேன், அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி. என் பாவத்தை எங்க கொண்டுபோயிக் கரைப்பேன்.

"கூப்பிடுங்கக்கா"ன்னுச்சு டீச்சரு. என் தங்கமேன்னு இங்கிட்டு இருந்து நான் கூப்பிடுறேன். என் ராசான்னு அங்கிட்டு இருந்து இவ கூப்பிடுறா. அவன் பழக்கதோசத்துல இங்கிட்டும் அங்கிட்டும் தலையைத் திருப்புறான். ஒரு காலை எடுத்து வச்சான், வட்டத்துக்கு வெளிய. சனமெல்லாம் ஓய்னு கத்திக்கிட்டு நெருக்கியடிச்சுருச்சு. டீச்சரு என்னா பண்ணுச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையா நிறுத்துற ஞாபகத்துல, விசிலை எடுத்து வீல்னு ஊதிருச்சு!

கருவாயன் பறந்தான். வேடிக்கை பாக்க வந்த எவனோ கேட்டைத் தொறந்து போட்டு நிக்கிறான். அது வழியா வெளிய பாஞ்சு, நேரா மெயின் ரோட்டைப் பாக்கப் போறான். தேனி பஸ்ஸு வர்ற நேரம். நான் ஓடுறேன். இவ ஓடுறா. டீச்சரு எங்களுக்குப் பின்னாடி ஓடுது, வெளையாட்டு டீச்சரு! நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, "ஏ பஞ்சு! அங்கிட்டு மறிடி! ரோட்டுக்கு விட்டுறாத!"ன்னு கத்துறேன். "நான் மறிச்சுட்டேன்க்கா! நீ கெழக்க வா!"ன்னு அவ கத்துறா. சோளக்காட்டு வரப்புல ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா நின்னு, மூச்சு வாங்கிக்கிட்டு, தங்கமே, ராசா, வாடா கண்ணுன்னு கெஞ்சுறோம். பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போகுது. அவன் ரோட்டோரத்துல நின்னு திரும்பிப் பாத்தான். வந்தான் தாயி. குரலுக்கு வந்தான். வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொத்துன்னு படுத்து நாக்கைத் தொங்கப் போட்டான். நாங்க ரெண்டு பேரும் அவனைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிறோம், அழுகுறோம். அவ கையி என் தோள் மேல கெடந்துச்சு.

அதுக்குள்ள பொம்பளைக வந்துட்டாளுக. வாய் சும்மா இருக்குமா? "என்ன வேலுத்தாயி, பஞ்சுவாம்ல! பேச்சு வந்துருச்சு போல?"ங்குறாளுக. எனக்கு எப்படியோ ஆயிப்போச்சு. "நாயைப் பிடிக்கச் சொன்னதெல்லாம் பேச்சுல சேராது. இந்த மாசம் பூராம் நான் கொஞ்சுனதும் நாயைத்தான். வேற எவளையும் இல்ல"ன்னேன். தப்பாவா சொன்னேன்? உள்ளதைச் சொன்னேன். பஞ்சவர்ணம் கையை எடுத்துக்கிட்டா. எந்திரிச்சு, சேலையில மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

அதோட சரி. கருவாயன் இப்ப ரெண்டு வாசல்லயும் ஆடுறான். புளியமரத்து நெழல்ல நாலு காலையும் வானத்தைப் பாக்க வச்சுக்கிட்டுத் தூங்குறான். கழுத்துல முடி மொளைக்குது. அவனுக்கு ஒரு கொறையும் இல்ல. விடிஞ்சு நான் சுவத்தோரம் போறேன், அங்க எவன் இருக்கான்? கூப்பிட்டா வர்றான், கையை நக்குறான், நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள ஓணானைக் கண்டா ஓடிர்றான். நடக்குற நாயைப் பிடிச்சு நிறுத்தி எப்படிப் பேசுறது? அவளும் பேசல. கோழியைக்கூட ஒண்ணும் சொல்லல. வாசத் தெளிக்கிறா, உள்ள போயிர்றா. அந்த வாசல்ல இம்புட்டு அமைதியை நான் கண்டதே இல்ல. காதுக்குள்ள ஙொய்ங்குது.

இன்னைக்குக் காலையில கதவைப் பூட்டிக்கிட்டு, பெரிய பையி ஒண்ணைத் தூக்க மாட்டாமத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போறா. மக வீட்டுக்குத்தான். ரெண்டு நாளைக்குப் போறவ தூக்குற பையி இல்ல தாயி அது. அம்மிக்கல்லு ஒண்ணுதான் பாக்கி. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே போட்டுட்டு வந்து பஸ்ஸுல ஏறிட்டேன். என் காலைப் பாரு, செருப்பு இருக்கா? ஆண்டிபட்டியில எனக்கு ஒரு சோலியும் இல்ல.

ஆமா. உனக்கு முன்னாடி சீட்டுல, அரக்குச் சேலை. அவதான். அவ பக்கத்துல ஆளு உக்காந்திருந்துச்சு. பின் சீட்டுல நீ இருந்த. அதான் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். தப்பா நினைக்காத தாயி. நீ மூஞ்சியைப் பாத்து நல்லாக் கேக்குற. பாதியில எந்திரிச்சு ஓடவும் இல்ல.

கணவாய் எறங்கிருச்சு, ஊரு வரப்போகுது. இன்னும் கொஞ்சந்தான், கேளு. உன்கிட்டத்தான் சொல்றேன், வேற எவகிட்டயும் இல்ல. மக வீடு நல்ல வீடுதான். மருமகனும் தங்கந்தான். ஆனா வத்தல் காயப்போட்டுட்டுத் தூங்குனா அங்க எழுப்பி விட ஆளு உண்டா? மழை வருதுன்னு யாரு சொல்லுவா? கருவாயன் அந்தச் சுவத்து ஓட்டை வழியாப் போயி, அவ சாத்திக்கிட்ட கதவை மோந்து பாத்துட்டுத் திரும்பி வர்றான். சோறு திங்கல. அவன்தான் திங்கல. சரி, நானுந்தான் திங்கல. அன்னைக்கு வரப்புல நின்னு பஞ்சுன்னு கூப்பிட்டேன் பாரு, அதைப் பேச்சுல சேத்துக்கிட்டா என்னா, கொறைஞ்சா போயிரும்? அதுக்கு முன்னாடி ஒரு மாசம் சொன்னதையும் சேத்துக்கலாம். நாயைச் சொன்னதுதான். ஆனா எல்லாமே நாயைச் சொன்னது இல்ல. நீ என்னா சொல்ற, சேத்துக்கலாம்ல?

ஏ தாயி, அவ தோளு குலுங்குது பாரு. நீ கொஞ்சம் எட்டிப் பாரேன். அழுகுறாளா சிரிக்கிறாளா? எனக்கு இங்கிட்டு இருந்து தெரியல. சிரிக்கிறாளா? வாயைப் பொத்திக்கிட்டா? நல்லாப் பாத்தியா?

இந்தா, ஊரு வந்துருச்சு. எந்திரிக்கிறா. பையைத் தூக்குறா. இங்கிட்டுத்தான் திரும்புறா. என்னமோ சொல்றா, இந்த எரைச்சல்ல கேக்கல. என்னா? "இந்தப் பையில ஒரு காதைப் பிடி அக்கா"ன்னா? யாரைச் சொல்றா தாயி? உன்னையவா? நீ எப்படி அவளுக்கு அக்காவாவ? கண்டக்டரைச் சொல்றாளோ? இல்லையே, என் மூஞ்சியைப் பாத்துல்ல சொல்றா. நேராப் பாத்துச் சொல்றா!

காலை மடக்கு தாயி, வழி விடு. யோவ் கண்டக்டரு, எறங்க ஆளிருக்கு, வண்டியை நிறுத்துய்யா. இருடி பஞ்சு, இந்தா வந்துட்டேன், விடு அந்தக் காதை. ஆத்தாடி, என்னாடி இம்புட்டுக் கனம்? ரெண்டு நாளைக்கு எதுக்குடி இம்புட்டு?